மழைத்தண்ணிக் குழாய்

ராஜகீழ்ப்பாக்கம்
18.5.2025

செல்லியம்மன் துணை.

அண்ணி அவர்களுக்குக் கனகவல்லி எழுதுவது.

போனில் பேசினால் இருவருக்கும் வாய் தடித்துப் போகிறது. போன வாரம் என் நம்பரையும் பிளாக் செய்துவிட்டீர்கள். அதனால் எழுதி, என் வீட்டுக்காரரான உங்கள் தம்பியிடமே கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் உங்கள் வாடகை வீட்டின் பின்பக்கத்துக் குழாய். மாமா விட்டுப்போன மனையில் பாதியில் நாங்கள் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். மறுபாதியில் நீங்கள் ஆறு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டுவிட்டு இரும்புலியூர் பிளாட்டில் இருக்கிறீர்கள். இரண்டுக்கும் பின்னால் ஒரே தாங்கல் ஏரி, ஒரே கரை. உங்கள் சுவரிலிருந்து தாங்கலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயில் சாக்கடை வருகிறது. அது ஏரியில் இறங்கி, ஏரியிலிருந்து எங்கள் கிணற்றுக்கு ஊறுகிறது. வாளியை முகத்தருகே கொண்டுபோக முடியவில்லை.

எங்கள் பக்கத்திலிருந்து சமையல் தண்ணீர்கூட நேராக ஏரிக்குப் போவதில்லை. கல்வாழைப் பாத்தியில் விடுகிறேன். செடி குடித்தது போக மிச்சம்தான் மண்ணில் இறங்குகிறது. கக்கூஸ் தொட்டி நிரம்புமுன் லாரிக்குச் சொல்லிவிடுவேன். அந்தச் செலவை வீட்டுக் கணக்கில் பாலுக்கு அடுத்த வரியில் எழுதுவேன், ஏனென்றால் அதுவும் தள்ளிப்போட முடியாத செலவு. அம்மன் கோயில் படி இறங்குகிற தண்ணீர் அது. அதில் அசிங்கத்தை விடுவதும் கருவறைக்குள் விடுவதும் எனக்கு ஒன்றுதான்.

இவ்வளவு நாள் பொறுத்தேன். இப்போது தீபலட்சுமிக்காக எழுதுகிறேன். ஆனி மாதம் வளைகாப்பு போட்டு அவளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டும். பல்லாவரத்துச் சம்பந்தி ஹேமாவதியம்மாள் போன ஞாயிறு வந்தபோது, எங்கள் குளியலறையில் கை கழுவிவிட்டுக் கையை மோந்து பார்த்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட் ஒண்ணு எடுத்துக் காட்டுங்க. பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டணும் இல்லையா? அப்புறம் பொண்ணை அனுப்புறோம்" என்றார். தாம்பரத்தில் சோதனைக்குக் கொடுத்தேன். மலக்கிருமி இருக்கிறது, குளிக்கவும் தகாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காகிதத்தை இன்னும் சம்பந்தியிடம் காட்டவில்லை.

குழாயை மூடுங்கள் அண்ணி. என் பெண் தாய்வீட்டுக்கு வர வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

கனகவல்லி


இரும்புலியூர்
24.5.2025

கனகம்,

கடுதாசி வந்தது. என் தம்பியைத் தபால்காரன் ஆக்கிவிட்டாய். இந்த வெயிலில் இரண்டு பஸ் மாறி வந்து, "நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசிகினா எனக்கு பஸ் சார்ஜாவது மிஞ்சும்க்கா" என்கிறான். மோர் கொடுத்தேன். உன் வீட்டில் மோரும் கிருமி பார்த்துத்தான் ஊற்றுவாய்போல, இரண்டு டம்ளர் குடித்தான்.

அது மழைத்தண்ணிக் குழாய். மொட்டை மாடித் தண்ணீர் போக மேஸ்திரி வைத்தது. நம் கரையில் எந்த வீட்டுக்காரனைக் கேட்டாலும் பின்னால் இருப்பது மழைத்தண்ணிக் குழாய் என்றுதான் சொல்வான். கேட்டுப் பார். எல்லாரும் பொய், நீ ஒருத்திதான் அரிச்சந்திரன் தங்கச்சியா?

உன் கிணறு கெட்டுப்போனால் முதலில் உன் தொட்டியைப் பார். கிணற்றுக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று அளந்தாயா? சதுர்த்தி முடிந்து தெருவே சேர்ந்து கரைக்கிற பிள்ளையார் எல்லாம் எந்த ஏரியில் போகிறார்? அந்தப் பெயிண்ட் புண்ணியம், என் குழாய் பாவம். நல்லா இருக்கு உன் சாமி.

இவர் போன பிறகு அந்த ஆறு வாடகையில்தான் யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்கிறேன். பெற்ற பிள்ளை சூர்யா துபாயிலிருந்து வாட்ஸ்ஆப்பில் முத்தம் அனுப்புகிறான், பணம் அனுப்புவதில்லை. குழாயை மூடு, தரையை உடை, தொட்டி கட்டு என்று நீ சொல்லிவிடுவாய். அதுவரை ஆறு குடும்பமும் எங்கே போகும்?

ஹேமாவதிக்குப் பயந்துகொண்டு என் மேல் பாயாதே. தீபா எனக்கும் மருமகள்தான். அவள் பிறந்தபோது முதலில் தூக்கியது நான். அத்தை முறைக்கு வளையல் எடுத்து வைத்திருக்கிறேன். ஆதாரம் இருந்தால் பேசு. இல்லையென்றால் கல்வாழைக்குத் தண்ணீர் ஊற்று.

தையல்நாயகி


ராஜகீழ்ப்பாக்கம்
1.6.2025

செல்லியம்மன் துணை.

அண்ணி அவர்களுக்கு,

ஆதாரம் கேட்டீர்கள். எடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பூஜையை முடித்துவிட்டு ஒரு பக்கெட் தண்ணீரில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தேன். ஆரத்திக்குக் கரைக்கிற மாதிரிதான், ஆனால் ரத்தம்போலக் கெட்டியாக. உங்கள் கீழ் போர்ஷனில் இருக்கும் நர்ஸ் ரோஸியிடம் காரணத்தைச் சொன்னேன். "ஊத்துங்க ஆன்ட்டி. பின்பக்க ஜன்னலைத் திறந்து எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா? எனக்கும் தெரிஞ்சாகணும்" என்றாள். அவள் கக்கூஸில் பக்கெட்டைக் கவிழ்த்தேன். உங்கள் தம்பியைக் கரையில் நிறுத்தியிருந்தேன். நான் அவள் வாசற்படி இறங்குவதற்குள் அவர் குரல் கேட்டது. "வந்துகினே கீது கனகம்! செக்கச்செவேல்னு வந்துகினே கீது!"

கத்திரி வெயில் இப்போதுதான் முடிந்திருக்கிறது. மொட்டை மாடியில் வடகம் காய்கிறது. எந்த மழைத்தண்ணீர் அண்ணி அது?

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். நடுவில் தொட்டி என்று ஒன்று இருந்திருந்தால் அந்தச் சிவப்பு அதில் விழுந்து கலங்கி அடங்கியிருக்கும். ஊற்றிய சூட்டில் வெளியே வந்ததென்றால், ஆறு குடும்பத்துக் கக்கூஸுக்கும் ஏரிக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை என்று அர்த்தம்.

வளைகாப்பு ஆனி பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் செய்யுங்கள். சம்பந்தியிடம் என்னால் பொய் சொல்ல முடியாது, உண்மையைச் சொன்னால் என் பெண்ணை அனுப்ப மாட்டார்கள்.

கனகவல்லி


இரும்புலியூர்
5.6.2025

அடிப்பாவி,

வெள்ளிக்கிழமை. உச்சி வேளை. என் வீட்டுக்குள் ஆரத்தித் தண்ணீரைக் கொட்டியிருக்கிறாய். கொட்டியதைச் சாதனைபோல எழுதியும் அனுப்பியிருக்கிறாய்.

ஆரத்தி சுற்றினால் தண்ணீரை முச்சந்தியில் ஊற்றுவார்கள், திருஷ்டி வீட்டை விட்டுப் போகட்டும் என்று. நீ உன் வீட்டுத் திருஷ்டியைப் பக்கெட்டில் எடுத்துவந்து என் வீட்டில் இறக்கிவிட்டாய். பக்திமான்! தினமும் விளக்கேற்றுகிற கைதானே அது?

மேல் போர்ஷன் ஜெயவேலு மாடியிலிருந்து ஏரியில் சிவப்பு பரவுவதைப் பார்த்திருக்கிறான். அவன் பெண்டாட்டி அன்றைக்கே குழந்தைகளை இழுத்துக்கொண்டு செம்பாக்கம் போய்விட்டாள். என்னிடம் போன் செய்து அவன் பேசின பேச்சு: "உங்க குடும்ப பேஜார்ல எங்களை ஏன்மா இழுக்கிறீங்க? அந்தம்மா இன்னாவோ வெச்சுட்டு போயிருக்கு. அட்வான்ஸைக் குடுங்க, கெளம்பிக்கினே இருக்கோம்." எதிர் போர்ஷன்காரியும் வாசலில் எலுமிச்சம்பழம் கட்டிவிட்டாளாம். யாருக்கு எதிராக? உனக்கு எதிராக. நான் ஆட்டோ வைத்து வந்து பூசணிக்காய் உடைத்துவிட்டுப் போனேன். நீ ஜன்னலில் நின்று பார்த்தாய், எனக்குத் தெரியும்.

தொட்டி இல்லை என்கிறாய். தொட்டி இருந்தது. நிரம்பி நிரம்பி வழிந்தது. மாதா மாதம் லாரிக்கு யார் அழுவது? மேஸ்திரிதான் "இன்னாத்துக்கும்மா தண்டச் செலவு, நேரா வுட்டுடலாம், ஏரி தாங்கும்" என்றான். கரையில் எத்தனை பேர் அப்படி விட்டிருக்கிறார்கள், அவர்கள் வீட்டில் எல்லாம் போய் ஊற்று, தைரியம் இருந்தால்.

இனி என் மனையில் கால் வைக்காதே.

தை.


ராஜகீழ்ப்பாக்கம்
8.6.2025

அண்ணி அவர்களுக்கு,

யார் தலையையும் சுற்றவில்லை. கற்பூரம் வைக்கவில்லை. சுற்றாத தண்ணீர் ஆரத்தி ஆகாது. அது வெறும் மஞ்சளும் சுண்ணாம்பும். இது உங்களுக்கும் தெரியும். தெரிந்தும் சூனியக்காரி என்று தெருவில் பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டீர்கள். நேற்று கோயிலில் எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடினாள். அம்மன் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஆனால் "நேரா வுட்டுடலாம்" என்பதை உங்கள் கையாலேயே எழுதிவிட்டீர்கள். அது போதும்.

நீங்கள் மூடுவீர்கள் என்று காத்திருந்தால் என் பேரக்குழந்தைக்குக் காதுகுத்தே வந்துவிடும். இன்று காலை நானே மண் நிரப்பிய சிமெண்ட் சாக்கைத் திணித்து, குழாயின் வாயை அடைத்துவிட்டேன். ஏரிப் பக்கமாகப் போய்ச் செய்தேன், உங்கள் மனையில் கால் வைக்கவில்லை.

கனகவல்லி


இரும்புலியூர்
11.6.2025

கனகம்,

அடைத்துவிட்டாய். சந்தோஷமா?

மாடியில் மற்ற குடும்பங்கள் ஊற்றியது எல்லாம் வெளியே போக வழியில்லாமல் கீழ் போர்ஷனில் எதிர்த்துக்கொண்டு வந்தது. ரோஸி டியூட்டி முடிந்து வந்து கதவைத் திறந்தால் கூடம் வரைக்கும் கறுப்புத் தண்ணீர். உனக்குக் கதவைத் திறந்துவிட்ட ஒரே மனுஷி அவள். எனக்குப் போன் செய்து கத்தவில்லை, அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஆன்ட்டி, சண்டை உங்க ரெண்டு பேரோடது. நாத்தம் மட்டும் எனக்கா?"

உன்னிடமும் இதைத்தான் கேட்டாளாமே. நீயே வந்து சாக்கை உருவி எடுத்தாயாம். பினாயில் ஊற்றி அவள் வீட்டை முழங்காலில் உட்கார்ந்து கழுவினாயாம். தம்பி பெருமையாகச் சொன்னான். கழுவின தண்ணீர் எங்கே போனது கனகம்? அதே குழாயில்தானே?

ரோஸி காலி செய்துகொண்டு போகிறாள். ஜெயவேலு ஏற்கெனவே போய்விட்டான்.

வளைகாப்புக்கு வருவேன். உனக்காக அல்ல. அத்தை வளையல் போடாமல் என் மருமகளை யார் அனுப்புவது என்று பார்க்கிறேன்.

தையல்நாயகி


ராஜகீழ்ப்பாக்கம்
30.6.2025

திருமதி தையல்நாயகி அவர்களுக்கு,

நேற்று பல்லாவரம் மண்டபத்தில் நீங்கள் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஏழு வகைச் சோறும் நான் கிண்டினேன். தண்ணீர்கூட கேன் வாங்கிச் சமைத்து எடுத்துவந்தேன், யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது என்று. வளையல் அடுக்கி முடிந்ததும் ஹேமாவதியம்மாள் சபையில் எல்லார் முன்னாலும் ரிப்போர்ட் கேட்டார். என்னிடம் இருந்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. அவர் படித்துவிட்டு மடித்து என் கையிலேயே வைத்தார். "நீங்களே சொல்லுங்க கனகவல்லி, இதைப் படிச்ச பிறகு எப்படி அனுப்புறது?" என்றார். அதில் தப்பில்லை.

அப்போதுதான் நீங்கள் எழுந்தீர்கள். "பொண்ணு என் வீட்டுக்கு வரட்டும் சம்பந்தி. அத்தை வீடும் தாய்வீடுதான். இரும்புலியூர்ல எங்க பிளாட்டுக்குத் தண்ணி பளிங்கு மாதிரி வருது, வேணும்னா டெஸ்ட் பண்ணிக்குங்க."

ஏரியைக் கெடுத்தவர் நீங்கள். கிணற்றைக் கெடுத்தவர் நீங்கள். அந்தக் கிணற்றைக் காட்டி என் பெண்ணையும் அழைத்துக்கொண்டு போய்விட்டீர்கள். உங்கள் தம்பி செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். தீபா காரில் ஏறும்போது, "சண்டை போடாதம்மா, எனக்குத் தலை சுத்துது" என்றாள். அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன். உங்கள் திறமையால் அல்ல.

அவளுக்காக வெள்ளையடித்த அறையைப் பூட்டிவிட்டேன்.

கனகவல்லி


இரும்புலியூர்
5.7.2025

கனகம்,

என்னைத் திருமதி ஆக்கிவிட்டாய். நன்றி.

வேறு என்ன செய்யச் சொல்கிறாய்? அந்தப் பெண் சபையில் உட்கார்ந்து இரண்டு பேர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறாள். வாய்விட்டு அழைக்க ஒரு வீடு இல்லை. நான் எழுந்தேன். நீ எழுந்திருக்க முடியாது, அதற்குக் காரணம் நான் என்றே வைத்துக்கொள். அப்போதும் யாராவது ஒருத்தி எழுந்துதானே ஆக வேண்டும்?

நன்றாகச் சாப்பிடுகிறாள். கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. மாங்காய்க்கு உப்பு அதிகம் கேட்கிறாள், கொடுப்பதில்லை. பார்க்க வேண்டுமென்றால் வா. லிப்ட் இருக்கிறது.

தையல்நாயகி


ராஜகீழ்ப்பாக்கம்
8.7.2025

குழாய் மூடாமல் உங்கள் வாசலை மிதிக்க மாட்டேன். என் பெண் அங்கே இருந்தாலும் சரி, நாளை பேரன் பேத்தி அங்கே இருந்தாலும் சரி. மூடிவிட்டு, நீங்களே வரச் சொல்லி அழைத்தால் வருகிறேன்.

மாங்காய் தராதீர்கள். பூண்டுக் குழம்பு தினமும் கொடுங்கள். பிரண்டைத் துவையல் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பாத்திரத்தைத் திருப்பி அனுப்பவும்.

கனகவல்லி


இரும்புலியூர்
12.9.2025

கனகம்,

உன் பாத்திரம் இத்துடன் வருகிறது.

ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். பேத்தியை வாங்கினாய், முத்தம் கொடுத்தாய், என் கையில் கொடுக்காமல் தொட்டிலில் போட்டாய். பார்த்த நர்ஸ், "ரெண்டு பாட்டிக்கும் நடுவுல ஸ்கிரீன் போடட்டுமா?" என்று கேட்டாள். டிஸ்சார்ஜ் ஆகி இங்கே வந்தோம். நீ வரவில்லை.

குழாயை மூடிவிட்டேன். ஆகஸ்டில் மேஸ்திரி வந்தது, தொட்டியில் மண்டிக் கிடந்ததை லாரி இழுத்தது, கக்கூஸ் லைனைப் பழையபடி தொட்டிக்குத் திருப்பியது, குழாய் வாயில் கான்கிரீட் போட்டது எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்திருப்பாய். பார்த்தும் ஒரு வார்த்தை எழுதவில்லை. நானும் எழுதவில்லை. உனக்குப் பயந்து மூடவில்லை, தெரிந்துகொள். மூன்று போர்ஷன் காலி. வீடு பார்க்க வருகிறவர்கள் ஜன்னலைத் திறந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அது ஒன்று. இன்னொன்று, உன் பெண். ஒரு நாள் சாப்பிடும்போது தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். "அத்தை, அம்மா வந்தாத்தான் என் குழந்தைக்குக் குளியல். பைப்பு மூடினாத்தான் அம்மா வருவாங்க. யோசிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். குரலைக் கேட்டு நீதான் வந்துவிட்டாயோ என்று திரும்பிப் பார்த்தேன்.

பிறந்ததிலிருந்து குழந்தைக்குத் துடைத்துத்தான் விடுகிறோம். தொப்புள்கொடி விழுந்துவிட்டது. இனி எண்ணெய் தேய்த்துத் தண்ணீர் ஊற்றலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முட்டி மாற்றினதிலிருந்து என்னால் தரையில் உட்கார முடியாது, காலை நீட்டிக் குழந்தையைப் போட முடியாது. காசு கொடுத்து ஒருத்தியை வரவழைத்தேன். அவள் துணி உதறுகிற மாதிரி உதறினாள், அனுப்பிவிட்டேன். உன் தெருவில் பாதிக் குழந்தைகளை நீதான் கால்மேல் போட்டு ஊற்றியிருக்கிறாய். அதில் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வா. அழைத்துவிட்டேன். வந்தால் குளிப்பாட்டு. என்னிடம் பேச வேண்டியதில்லை.

தையல்நாயகி


ராஜகீழ்ப்பாக்கம்
14.9.2025

செல்லியம்மன் துணை.

அண்ணிக்கு,

பார்த்தேன். கான்கிரீட் காய்கிறவரை நின்று பார்த்தேன். அழைக்காமல் வருவதற்கு என் கால் எழவில்லை.

மூடிய பிறகு நம்பிக்கையோடு கிணற்றுத் தண்ணீரை மறுபடி சோதனைக்குக் கொடுத்தேன். பூட்டிய அறையையும் திறந்து கழுவி வைத்தேன். காகிதம் நேற்று வந்தது. கிருமி குறைந்திருக்கிறது, ஆனால் குளிக்கத் தகாது என்றே இருக்கிறது. இத்தனை வருஷம் மண்ணில் இறங்கியது ஒரு மாதத்தில் போகாது, ஒரு முழு மழைக்காலம் போகட்டும், அதற்குப் பிறகும் உறுதி சொல்ல முடியாது என்றார் அங்கே இருந்தவர். கரையில் மற்ற வீட்டுக் குழாய்கள் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. உங்களுடையது ஒன்று மூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் என் பேத்தி என் வீட்டுக்கு வர முடியாது. பெண்ணுக்குத் தலைப்பிரசவம் பார்த்துத் தாய்வீட்டிலிருந்து அனுப்புகிற கொடுப்பினை எனக்கு இனி இல்லை; அது ஒரு முறைதான் வரும், போய்விட்டது. தினமும் இரண்டு பஸ் மாறி, உங்கள் லிப்டில் ஏறி, உங்கள் தண்ணீரில்தான் நான் அவளைக் குளிப்பாட்ட வேண்டும். உங்களை மன்னித்துவிட்டேன் என்று யாரிடமும் சொல்ல வேண்டாம். மன்னிக்கவில்லை.

நாளைக் காலை ஏழு மணிக்கு வருகிறேன். விளக்கெண்ணெய் வேண்டாம், தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி ஆறவிட்டு வையுங்கள். வெந்நீரை நீங்கள் கலக்காதீர்கள், சூடு நான் பார்த்துக்கொள்கிறேன். குளியலறைத் தரையில் சோப்பு வழுக்கல் இல்லாமல் கழுவி வைக்கச் சொல்லுங்கள். குழந்தையைத் துவட்டி உங்கள் கையில்தான் கொடுப்பேன், எனக்கு எழுந்திருக்க நேரமாகும். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருங்கள்.

கனகவல்லி